பெர்லின் யூதர் நினைவிடம்: கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

கேள்வி: “அடுத்த மாதம் குடும்பத்தோடு பெர்லின் வருகிறோம். அம்மாவும் 9 வயது மகனும் உடன் வருகிறார்கள். பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில் யூதர் படுகொலை நினைவிடம் இருக்கிறதாமே? படங்களில் பார்த்தால் வெறும் கான்கிரீட் பெட்டிகளாகத்தான் தெரிகிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதுமா? பையனை அழைத்துப் போகலாமா? படம் எடுத்தால் தவறா?”

கல்லை மட்டும் பார்ப்பதென்றால் அரை மணி நேரமே அதிகம். ஆனால் கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் அங்கே போகவே வேண்டாம், அந்த நேரத்துக்கு எதிரே இருக்கும் டியர்கார்டன் பூங்காவில் பையனை ஓடியாட விடுங்கள் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் பெர்லினுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. கட்டுமானத் துறையில் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும். முதல் சில வருடங்கள் எல்லோரையும் போல நானும் செய்தேன்: பிராண்டன்பர்க் வாயில், அங்கிருந்து பொடிநடையாக நினைவிடம், கற்களுக்கு நடுவே நாலு படம், பக்கத்து வரிசைக் கடையில் ஒரு காபி, கிளம்பு. கற்களின் அளவு, எடை, சாய்வு எல்லாம் விரல்நுனியில் இருந்ததால் அந்த இடத்தையே கரைத்துக் குடித்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு. அதைக் கலைத்தவர் என் மாமியார்.

இரண்டு வருடம் முன்பு அக்டோபரில் வந்திருந்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் என் மனைவியின் ஷூ. கற்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவர் பத்தே நிமிடத்தில் காணாமல் போய்விட்டார். அங்கே அப்படித்தான் ஆகும், பிறகு சொல்கிறேன். தேடிப் பிடித்தபோது ஒரு கல்லை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளே, இது யாரோடதுன்னு ஒரு எடத்துலயும் பேர் போடலியே?”

“சமாதி இல்ல அத்தை. யாரையும் இங்க புதைக்கல. சும்மா நினைவுக்கு வெச்சிருக்காங்க.”

“நினைவுக்குன்னா பேர் வேணாமா? நம்ம ஊர்ல ஒரு டியூப் லைட்டு வாங்கிக் குடுத்தாலே உபயம்னு பேர் எழுதிடுவாங்க.”

“பேரெல்லாம் கீழ இருக்கு அத்தை. பூமிக்கு அடியில ஒரு காட்சிக்கூடம் இருக்கு.”

“அப்ப அங்க போகாம இங்க என்ன சுத்திக்கிட்டு இருக்கோம்?”

அத்தனை வருடமும் நான் கீழே இறங்கியதே இல்லை என்பதை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

பெயர் இல்லாததற்கு ஒரு கதை உண்டு. நாஜி ஜெர்மனி கொன்ற சுமார் 60 லட்சம் யூதர்களுக்குத் தலைநகரின் நடுவில் ஒரு நினைவிடம் வேண்டும் என்று 1988 முதல் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் லேயா ரோஷ் என்ற பத்திரிகையாளரும் எபர்ஹார்ட் யெக்கல் என்ற வரலாற்றாசிரியரும். முதல் வடிவமைப்புப் போட்டியில் தேறியது ஒரு பிரம்மாண்டமான சாய்வுப் பலகை. அடையாளம் தெரிந்த அத்தனை பேரின் பெயரையும், 40 லட்சத்துக்கும் மேல், அதில் பொறிப்பதாகத் திட்டம். 1995இல் பிரதமர் ஹெல்முட் கோல் அதை வேண்டாம் என்றுவிட்டார். இரண்டாவது போட்டி 1997இல். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மனும் சிற்பி ரிச்சர்ட் செர்ராவும் சேர்ந்து கொடுத்தது இந்தக் கற்களின் வயல். மாற்றங்கள் கேட்கப்பட்டதும் செர்ரா விலகிக்கொண்டார். 1999 ஜூன் 25 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு 314, எதிர்ப்பு 209. ஆக, பெயர் நிறைந்த திட்டம் தள்ளுபடியாகி, ஓர் எழுத்துகூட இல்லாத திட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தத் தீர்மானத்திலேயே, விவரம் சொல்ல ஒரு கூடமும் வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். ஐசன்மனுக்கு அதில் முதலில் பெரிய விருப்பம் இல்லை. கற்களே போதும் என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் நாடாளுமன்றம் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இனி கற்களுக்கு வருவோம். மொத்தம் 2,711. ஒவ்வொன்றும் 2.38 மீட்டர் நீளம், 95 சென்டிமீட்டர் அகலம். இந்த இரண்டும் மாறாது, உயரம் மட்டும் மாறும். ஓரத்தில் உட்காரும் திண்ணை உயரம்கூட இல்லாத கல், நடுவில் 4.7 மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். உள்ளே கூடு, கெட்டிக் கல் இல்லை. 2,711 என்றால் என்ன கணக்கு என்று கேட்காதவர்கள் இல்லை. யூதர்களின் சமய நூலான தல்மூத்தைத் தினம் ஓர் ஏடாகப் படித்தால் முடிக்கச் சரியாக 2,711 நாள் ஆகும், அதுதான் ரகசியம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஏட்டுக் கணக்கு உண்மைதான். ஆனால் இங்கே அது தற்செயல். 19,000 சதுர மீட்டர் மனையில் இந்த அளவுக் கல்லை இந்த இடைவெளியில் வைத்தால் இத்தனைதான் வரும்.

உள்ளே நடக்கும்போது கவனிக்க வேண்டியது தரையைத்தான். ஊர்ப் பூங்கா மாதிரி மட்டமாக இருக்கும் என்று நினைத்துப் போவோம். அது அலை அலையாக இறங்கும். கற்களின் தலைமட்டம் வேறு ஒரு அலையாகப் போகும். இரண்டு அலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கல்லும் நேர்க்குத்தாக இருக்காது, அரை டிகிரி முதல் இரண்டு டிகிரி வரை சாய்வு. கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான், ஆனால் உடம்புக்குத் தெரியும். பாதையும் 95 சென்டிமீட்டர்தான். கணவன் மனைவி கைகோத்து நடக்க முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். இருபது அடி உள்ளே போனால் எபர்ட் தெருவின் கார் சத்தம் தணிந்துவிடும். வானம் ஒரு நாடா மாதிரி தலைக்கு மேல் தெரியும். குறுக்குப் பாதையில் யாரோ தென்படுவார், ஒரு நொடியில் மறைந்துவிடுவார். மாமியார் தொலைந்தது இப்படித்தான்.

உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் நடுவே போக வேண்டாம். மழை பெய்தால் தரைக் கல் வழுக்கும். சக்கர நாற்காலி போக வசதியான பாதைகள் 13 இருக்கின்றன. மேற்கு ஓரத்தில் 41 மரங்கள், அதன் பக்கம் தாழ்ந்த கற்கள்.

தொழில் புத்தி விடாது, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திறந்து சில வருடத்திலேயே பல கற்களில் விரிசல் விட்டது. சிலவற்றுக்கு இரும்புப் பட்டை மாட்டி இறுக்கியிருக்கிறார்கள், பார்க்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் கட்டும்போதே வந்தது. கற்களில் யாரும் கிறுக்கிவிடாமல் இருக்க ஒரு பூச்சு தேவைப்பட்டது. கொடுத்தது டெகுஸா நிறுவனம். 2003 அக்டோபரில் விஷயம் வெடித்தது: விஷவாயுக் கூடங்களில் பயன்பட்ட சைக்ளோன் பி விற்ற டெகெஷ் நிறுவனத்தில் டெகுஸாவுக்குப் பங்கு இருந்தது. வேலை நின்றது. தோண்டிப் பார்த்தால், ஏற்கெனவே போட்டுவிட்ட அஸ்திவார கான்கிரீட்டில் கலந்த ரசாயனமும் அதே குழுமத்தின் துணை நிறுவனம் கொடுத்தது. இடிப்பதா? பல கூட்டங்களுக்குப் பிறகு நவம்பரில் டெகுஸாவை வைத்தே தொடர்வது என்று முடிவானது. கை கறைபடாத ஜெர்மன் நிறுவனத்தைத்தான் வைத்துக் கட்டுவேன் என்றால் எத்தனை நிறுவனம் மிஞ்சும் என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. எனக்கு என்னவோ, அந்தக் கற்களில் எதுவும் எழுதாவிட்டாலும் இந்தக் கதை அவற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே படுகிறது.

2005 மே 10 அன்று திறப்பு விழா. அதிகாரபூர்வப் பெயர் ‘ஐரோப்பாவின் படுகொலை செய்யப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம்’. ‘மறைந்த’, ‘பலியான’ என்றெல்லாம் பூசி மெழுகாமல் ‘படுகொலை செய்யப்பட்ட’ என்று போட்டதை மெச்சலாம். கொன்றது யார் என்று பெயரில் இல்லையே என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான். ‘ஐரோப்பாவின்’ என்ற சொல்லை மட்டும் அலட்சியமாகத் தாண்டிவிடாதீர்கள். ஜெர்மன் யூதர்களில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 1,65,000. போலந்தில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம். ஜெர்மனிக்குள் நடந்த கொடுமை என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செத்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழியே பேசாத ஊர்க்காரர்கள்.

இதெல்லாம் கீழே போனால்தான் உறைக்கும். கிழக்குப் பக்கம், கோரா பெர்லினர் தெரு ஓரத்தில் படிக்கட்டு இருக்கிறது, லிப்டும் இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரே 1942இல் கொல்லப்பட்ட ஒரு யூதப் பொருளாதார அறிஞருடையது. அனுமதி இலவசம். வாசலில் பையைச் சோதிப்பார்கள், கோடையில் வரிசை நிற்கும். திங்கட்கிழமை விடுமுறை, அன்று மட்டும் வந்துவிடாதீர்கள்.

இறங்கியதும் நாஜிக்கள் படிப்படியாக என்ன செய்தார்கள் என்ற வரலாறு. அதைக் கடந்தால் இருட்டான ஓர் அறை, தரையில் ஒளிரும் கண்ணாடிப் பலகைகள். ஒவ்வொன்றிலும் சாகப் போகிறவர் எழுதிய கடிதம் அல்லது நாட்குறிப்பிலிருந்து ஒரு துண்டு. நின்றுகொண்டு படிக்க முடியாது. எல்லோரும் தலையைக் குனிகிறார்கள், சிலர் குந்தி உட்காருகிறார்கள். மேலே உள்ள கல்லின் அளவில்தான் கீழே இந்தப் பலகைகளும் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. இப்போதைய பெலாரூஸில் இருக்கும் பைட்டன் என்ற ஊரிலிருந்து யூதித் என்ற 12 வயதுச் சிறுமி 1942 ஜூலை 31 அன்று அப்பாவுக்கு எழுதியது அதில் ஒன்று. சாவதற்கு முன் விடைபெறுகிறேன் என்கிறாள். வாழ ஆசை, விடமாட்டேன் என்கிறார்கள் என்கிறாள். சின்னப் பிள்ளைகளை உயிரோடு குழியில் போடுகிறார்கள், அதனால் இந்தச் சாவு பயமாக இருக்கிறது என்கிறாள். முத்தத்தோடு முடிக்கிறாள். மாமியாருக்கு நான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் “போதும்” என்றார்.

அடுத்த அறையில் 15 குடும்பங்கள். கல்யாணப் படம், கடற்கரைப் படம், கடை வாசலில் நிற்கும் படம், பிறகு யார் யார் எங்கே எப்படி. அதற்கும் அடுத்தது பெயர்களின் அறை. நான்கு சுவரிலும் ஒரே ஒரு பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. ஒரு குரல் அவரைப் பற்றி நாலு வரி படிக்கும். பெயர் மறையும், அடுத்த பெயர் வரும். அவ்வளவுதான் அந்த அறை. கொல்லப்பட்ட எல்லோரையும் இதே வேகத்தில் படித்து முடிக்க 6 வருடம், 7 மாதம், 27 நாள் ஆகுமாம். மாமியார் அங்கே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஜெர்மனும் புரியாது, ஆங்கிலமும் அரைகுறை. பெயர்கள் மட்டும் காதில் விழுந்திருக்கும்.

எனவே என் யோசனை: முதலில் கற்களுக்கு நடுவே ஒரு நடை. பிறகு கீழே ஒன்றரை மணி நேரம். மேலே வந்ததும் நேராகக் கிளம்பாமல் மறுபடி ஒரு முறை கற்களுக்குள் போய்விட்டு வாருங்கள். அதே கற்கள்தான். ஆனால் முதல் நடையில் எண்ணிக்கையாகத் தெரிந்தது இரண்டாவது நடையில் அப்படித் தெரியாது.

பையன் விஷயம். 9 வயதுக்குக் கீழ்த்தளம் வேண்டாம் என்பேன். பிணக்குழிகளின் படங்கள் இருக்கின்றன, தூக்கம் கெடும். நீங்களும் உங்கள் துணைவியும் முறை வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஒருவர் கீழே போகும்போது மற்றவர் பையனோடும் அம்மாவோடும் மரத்தடியில் இருக்கலாம். மேலே பையன் கற்களுக்கு நடுவே ஒளிந்து விளையாடத்தான் பார்ப்பான், அந்த இடத்தின் அமைப்பு அப்படி. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், ஜனங்கள் சாப்பாட்டு மூட்டையோடு வந்து உட்காருவார்கள் என்று ஐசன்மனே திறப்பு விழா சமயத்தில் சொல்லியிருக்கிறார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஆனால் விதிப்பலகை வேறு மாதிரி: நடைவேகத்தில்தான் போக வேண்டும், கல்லுக்குக் கல் தாவக்கூடாது, சத்தம் கூடாது, நாய், புகை, மது எதுவும் கூடாது. ஓடினால் கூப்பிட்டு அடக்குங்கள். அதற்காகத் திட்டி அழவைக்க வேண்டாம். “நெறையப் பேரக் கொன்னுட்டாங்க, அவங்கள மறக்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க” என்று சொன்னால் அந்த வயதுக்குப் போதும். மிச்சத்தை அவனே கேட்பான்.

படம் எடுப்பது தவறில்லை. எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் வில்லங்கம். கல்மேல் ஏறி யோகாசனம், துள்ளிக் குதித்தல், காதலர் போஸ் எல்லாம் ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். 2017இல் ஷஹாக் ஷபிரா என்ற இஸ்ரேலிய எழுத்தாளர், பெர்லின்வாசி, அப்படிப்பட்ட 12 செல்பிகளை இணையத்திலிருந்து எடுத்து, பின்னணியை மட்டும் மாற்றி, வதைமுகாம் பிணக்குவியல்களுக்கு நடுவே அவர்கள் துள்ளுவதுபோல ஒட்டி வெளியிட்டார். படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டால் எடுத்துவிடுவேன் என்று அறிவித்திருந்தார். சம்பந்தப்பட்டவர்களுக்கு அது போய்ச் சேர்ந்ததும் ஒரு வாரத்துக்குள் தளத்தையே மூடிவிட்டார். அவர் செய்தது சரியா என்று இங்கே பெரிய சண்டையே நடந்தது. பேர் தெரியாத நாலு பிள்ளைகளை ஊர் முன்னால் நிறுத்தியது எனக்கு உவப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கூட்டிப்போகும் யாரையும் கல்மேல் ஏறவிட்டதில்லை என்பதும் உண்மை.

நேரம் மிச்சமிருந்தால் ஒன்றே ஒன்று. ஹிட்லர் செத்த பதுங்குகுழி எங்கே என்று உங்கள் வீட்டில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். தெற்கே ஐந்து நிமிட நடை. இப்போது அது குடியிருப்புக்காரர்கள் கார் நிறுத்தும் இடம். ஒரு தகவல் பலகை மட்டும் நிற்கிறது, அதுவும் 2006இல்தான் வைத்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அரை நாள் ஒதுக்க முடிந்தால் எஸ்7 ரயிலில் குரூனவால்ட் போங்கள். 17ஆம் நடைமேடை. 1941 அக்டோபர் 18 முதல் பெர்லின் யூதர்களை ஏற்றி அனுப்பிய நிலையங்களில் ஒன்று. நடைமேடை ஓரம் நெடுக 186 இரும்புத் தகடுகள், ஒரு தகட்டுக்கு ஒரு நாடுகடத்தல்: தேதி, எத்தனை யூதர்கள், எங்கிருந்து எங்கே. ஆரம்பத் தகடுகளில் ஆயிரக் கணக்கு. போகப்போகச் சுருங்கும். கடைசித் தகடு 1945 மார்ச் 27, 18 பேர், தெரேசியன்ஸ்டாட் முகாம். சோவியத் படை பெர்லின் மீது பாய இன்னும் மூன்றே வாரம். நாடே நொறுங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் அந்த 18 பேரை விடாமல் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு நடுவே மரங்கள் முளைத்திருக்கின்றன, வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அங்கேயும் போக முடியாவிட்டால் பரவாயில்லை, நடக்கும்போது காலடியைப் பார்த்துக்கொண்டு நடங்கள். வீட்டு வாசல்களில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு பதித்த கற்கள் தென்படும். இடறும் கற்கள் என்பார்கள். குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோனில் தொடங்கியது. ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன, பெர்லினில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். ‘இங்கே வசித்தார்’ என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன தேதி, கொன்ற இடம். பெரிய நினைவிடத்தின் மேல்தளத்தில் இல்லாதது எல்லாம் இந்தச் சின்னக் கல்லில் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பு வாசலிலும் இரண்டு உண்டு. பிறந்த ஆண்டைப் பார்த்தால் தாயும் மகனும். வருடா வருடம் நவம்பர் 9 அன்று, 1938இல் யூதர்களின் ஜெபக்கூடங்களைக் கொளுத்திய அந்த இரவின் நினைவாக, தெருவுக்குத் தெரு ஜனங்கள் முட்டிபோட்டு இந்தத் தகடுகளைத் துலக்கி மெழுகுவர்த்தி வைப்பார்கள். மாமியார் இருந்த வருடம் கீழ்வீட்டு ஜெர்மன் பாட்டி டப்பாவில் இருந்த பாலிஷை வைத்து மாய்ந்து மாய்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே போனார். கிண்ணத்தில் ஊறவைத்த புளியோடு இறங்கி வந்து பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கல் பாட்டிக்கு, ஒரு கல் இவருக்கு. பாட்டி கிண்ணத்தை மோந்து பார்த்து என்னைப் பார்த்தார். “டாமரிண்டே” என்றேன். ஐந்தே நிமிடம், தண்ணீர் விட்டுக் கழுவியதும் இவர் பக்கத்துக் கல் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. பாட்டி தன் டப்பாவை ஓரம் வைத்துவிட்டுக் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினார்.

துடைத்து முடித்ததும் என்ன எழுதியிருக்கிறது, படிங்க என்றார் மாமியார். படித்தேன்.

“இங்கேன்னா எந்த மாடி? நம்ம வீடா?”

கல்லில் அது இருக்காது. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நாடுகடத்தும் முன் ஒவ்வொருவரிடமும் 16 பக்கப் படிவம் ஒன்றை நிரப்பி வாங்கியிருக்கிறார்கள்: எத்தனை அறை, என்ன வாடகை, எத்தனை நாற்காலி, எத்தனை சட்டை. சொத்தைப் பறிக்கத்தான். பெர்லின்காரர்களின் அந்தக் கோப்புகள் இப்போது போட்ஸ்டாமில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுதிக் கேட்டால் பார்க்கலாம். கேட்கிறேன் என்று மாமியாரிடம் சொன்னதுதான் மிச்சம், இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரப்பிள்ளைகளோடு பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்கிறார்.

“எந்த மாடின்னு கேட்டீங்களா மாப்ளே?”